குடோன் என்று எழுதிய மகளுக்கு

பகாவ், நெகிரி செம்பிலான், மலேசியா

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். மூன்று நாளாக விடாமல் பெய்த மழை இன்று காலையில்தான் ஓய்ந்தது. அம்மா மோர்மிளகாயை வெயிலில் பரப்பிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் எழுத வேண்டியதை எண்ணிப் பார்த்தால், அவர் வந்து சமைத்து முடித்த பிறகும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன் என்று தோன்றுகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன செய்தி இன்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. சென்னையில் தீப்பிடித்த ஒரு சரக்குக் கட்டடத்தைப் பற்றி நீ எழுதிய காப்புறுதி அறிக்கையில் ‘குடோன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எட்டு இடங்களில் எழுதியிருந்ததாகவும், உன் மேலதிகாரி அந்த எட்டையும் அடித்துவிட்டு ‘வேர்ஹவுஸ்’ என்று மாற்றி, ஓரத்தில் ‘இது என்ன சொல்?’ என்று கேட்டிருந்ததாகவும் சொன்னாய். அவர் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாததைக் கேட்பது முறைதான். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை உறுத்தியது. “தோட்டத்து இங்கிலீஷை லிவர்பூல் வரைக்கும் கொண்டுவந்து எழுதிவிட்டேன், அப்பா” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாய். நீ வெட்கப்பட வேண்டிய இடம் அதுவன்று, மகளே. 31 ஆண்டுகள் ஒரு குடோனின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த ஒரு சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள். குடோன் என்பது பெரிய ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ள முறையான ஆங்கிலப் பெயர்ச்சொல். ஆங்கிலேயர்கள் அதை ‘கோடவுன்’ என்று முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள். நம் வாயில் அது குடோன் ஆகிவிட்டது. ஆசியாவின் துறைமுகங்களிலும் வணிக நகரங்களிலும் சரக்கைப் பூட்டிப் பாதுகாத்து வைக்கும் கட்டடம் என்பது அதன் பொருள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் ஆகிய இடங்களின் ஆங்கிலத்தில் அது நூற்றாண்டுக் கணக்கில் புழங்கி வந்திருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள ஒரு கட்டடத்தை எந்த ஆங்கிலேயரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. ஆகவே அங்கே பிறந்து வளர்ந்து, கிழக்கே வந்து பழகாத ஒருவர் அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலே வாழ்ந்துவிடலாம். அபூர்வமான சொல் என்பது வேறு, பிழையான சொல் என்பது வேறு. நீ இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டாய்.

இந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தை இதுவரை உனக்குச் சொன்னதில்லை. 1975-ஆம் ஆண்டு அது. எனக்கு வயது 21. ரப்பர் தோட்டத்து ஆபீசில் இளைய கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் கையிருப்புக் கணக்கைத் துறைமுகத்தில் இருந்த முகவர் ஆபீசுக்குத் தந்தியில் அனுப்புவது வழக்கம். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் எழுவாய், பயனிலை எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு எலும்பை மட்டும் அனுப்புவோம். அந்த மாதம் குடோனில் 60 பேல் ஷீட், அதாவது தகடாக அடித்த ரப்பரின் 60 பெரிய கட்டுகள் இருந்தன. ‘ஷீட் ஸ்டாக் கோடவுன் 60 பேல்ஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும். நான் அதை இரண்டு சொல்லாகப் பிரித்து, ‘கோ’ என்று எழுதி இடம் விட்டு ‘டவுன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரிந்த அந்த இரண்டு சொற்களுக்கும் ஆங்கிலத்தில் கீழே இறங்கு என்று பொருள். அங்கே படித்தவர்கள், ஷீட் இருப்பு 60 பேல் குறைந்துவிட்டது என்று பொருள் கொண்டார்கள்.

மறுநாள் பகலில் ஒரு மோட்டார் வண்டி செம்மண் சடக்கில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு அதிகாரிகளோடு தோட்ட நிர்வாகியான துரையும் இறங்கிக் குடோனுக்கு நேராக நடந்தார். கதவைத் திறக்கச் சொன்னார்கள். எங்கள் குடோன் காவலாளியான முதியவரைத் தனியாக நிறுத்தி ஏதேதோ கேட்டார்கள். ஒரு பேலின் எடை 250 ராத்தல். 60 பேல் திருட்டுப் போவதென்றால் லாரி வர வேண்டும், ஆட்கள் வர வேண்டும், காவலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் அவரைச் சந்தேகித்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 60 பேலும் அடுக்கிய இடத்தில் அப்படியே கிடந்தன. வந்தவர்கள் தந்தியை நீட்டிய பிறகுதான் பிழை என்னுடையது என்று தெரிந்தது. அந்த முதியவர் எதுவும் பேசாமல் போய்த் தம் முக்காலியில் உட்கார்ந்ததையும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதையும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அன்று மாலை தொழிலாளர் குடியிருப்பில் அவர் லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரிய கிராணி என்னைத் திட்டவில்லை. தந்தியின் நகலை எடுத்து, நான் விட்ட இடைவெளியின் மேல் சிவப்பு மையால் ஒரு வளையம் போட்டு, “பெயர்ச்சொல்லைப் பிரித்தாய், அது வினையாகிவிட்டது” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே எழுத்துமுறையில் கவனமாக இரு. ஜி, ஓ, டி, ஓ, டபிள்யூ, என் என்னும் ஆறு எழுத்துகளும் இடைவெளியும் கோடும் இல்லாமல் ஒரே சொல்லாக நிற்க வேண்டும். எண்ணக்கூடிய பெயர் என்பதால் பன்மைக்கு எஸ் சேர்க்கலாம். ‘வேர்ஹவுஸ்’ என்பதை ஆங்கிலத்தில் வினையாகவும் ஆள்வார்கள். சரக்கை வேர்ஹவுஸ் செய்தோம் என்று சொல்வார்கள். குடோன் அப்படி வளைவதில்லை. அது பெயர்ச்சொல்லாகவே நின்று, குடோன் கீப்பர், குடோன் வாடகை, எக்ஸ்-குடோன் விலை என்று பிற சொற்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். எக்ஸ்-குடோன் விலை என்றால் குடோன் வாசலில் சரக்கை ஒப்படைக்கும் விலை. அதற்கு மேல் ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் வாங்குபவரைச் சேரும்.

கீழே இறங்கிப் போய் வைக்கும் இடம் என்பதால்தான் ஆங்கிலேயர்கள் இந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆங்கிலேயர்களின் காதில் விழுந்தது ஒரு கீழைச் சொல். அதைத் தங்கள் மொழியில் பொருள் தரும் இரண்டு சொற்களைப் போல அவர்கள் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மூலச் சொல் மலாய் மொழியின் ‘குடாங்’. இன்றும் பண்டகசாலைக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர் அதுதான். உன் தாத்தா காலத்திலிருந்து நம் ஊர்க் கடைகளில் பார்த்திருப்பாயே, ‘குடாங் காராம்’ என்னும் இந்தோனேசியக் கிராம்புச் சிகரெட்டு. அந்தப் பெயருக்கு உப்புக் கிடங்கு என்று பொருள். பெட்டியின் மேல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்பவை அந்தக் கிடங்குகள்தாம். மலாயிலிருந்து போர்த்துக்கீசியர்கள் எடுத்துக்கொண்டு ‘குடாவ்ன்’ என்றார்கள். அவர்கள் வழியாக ஆங்கிலேயர்களுக்குப் போனது.

அப்படியானால் மலாய்க்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான், மகளே, நீ தலையை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். நம் ‘கிடங்கு’தான் அது. தெலுங்கில் ‘கிடங்கி’ என்று அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. தமிழ்க்கரையும் தெலுங்குக்கரையும் சேர்ந்த சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வணிகத்தோடு வந்த சொல் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியிலேயே இந்த மரபு எழுதப்பட்டிருக்கிறது. பர்னல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சாவூரில் நெடுங்காலம் வாழ்ந்தவர். நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார் என்று படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

மலாயில் கடை ‘கெடாய்’ ஆனது, கப்பல் ‘காப்பால்’ ஆனது, பெட்டி ‘பெத்தி’ ஆனது, போட்ட முதல் ‘மொடால்’ ஆனது. எல்லாமே வணிகம் செய்பவன் நாவில் முதலில் வரும் சொற்கள் என்பதைக் கவனி. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் லோபு துவா என்னும் இடத்தில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. நம் முப்பாட்டனார் ரப்பர் தோட்டத்துக்குச் சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாக வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே, தராசும் முத்திரையும் ஏந்திய தமிழர்கள் இந்தக் கடலில் நடமாடியிருக்கிறார்கள். சொற்கள் அவர்களுடைய சரக்கோடு சேர்ந்து இறங்கின.

உன் அறிக்கை தீ விபத்தைப் பற்றியது என்பதால் இன்னும் இரண்டு பழைய செய்திகளை உனக்குச் சொல்ல வேண்டும். 1588-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு பயண நூலில் இந்தச் சொல் ‘கோடன்’ என்னும் வடிவத்தில் வருகிறது. சேசரே ஃபெடரிசி என்னும் வெனிசு வணிகர் பர்மாவின் பெகு நகரைப் பற்றி எழுதியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. அங்கே வீடுகள் மூங்கிலாலும் ஓலையாலும் கட்டப்பட்டவை என்றும், அத்தகைய வீடுகளுக்கு அடிக்கடி நேரும் ஆபத்திலிருந்து விலையுயர்ந்த சரக்குகளைக் காப்பாற்ற வணிகர்கள் செங்கல்லால் ஒரு கட்டடம் வைத்திருந்தார்கள் என்றும், அதைத்தான் கோடன் என்று அழைத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அடுத்தது 1613-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, நம் நாட்டுச் செய்தி. மலாக்காவில் பிறந்த மானுவேல் கோதின்யோ தெ எரேதியா, அந்த நகரத்தில் நிலத்துக்கு அடியில் கட்டப்பட்ட குடோன்கள் இருந்ததையும், வணிகர்கள் தீக்குப் பயந்து சோழமண்டலத் துணிகளை அவற்றில் வைத்ததையும் குறித்திருக்கிறார். நம் நெசவாளர்களின் துணி, நம் மொழியின் பெயர் கொண்ட அறையில், மலாக்கா மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

இதை நான் நூலகத்தில் வாசித்தபோது எழுந்து வெளியே வந்து சற்று நேரம் நின்றுவிட்டேன். ‘குடோன் தீப்பிடித்தது’ என்று நீ எழுதிய வாக்கியத்தில் 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் அச்சம் இருக்கிறது. தீயிலிருந்து காப்பதற்காகவே எழுப்பிய கட்டடத்தின் பெயர் அது. அதற்குச் சுவர் உண்டு, பூட்டு உண்டு. சுவரில்லாத கூரையை மட்டும் குடோன் என்று சொன்னால் சொல் தாங்காது. நம் ஊர் ரயில் நிலையத்தில் சரக்கு இறக்கும் அந்தத் திறந்த கொட்டகையை நாங்கள் ‘ஷெட்’ என்றுதான் சொன்னோம். ஒருபோதும் குடோன் என்று சொன்னதில்லை. ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் இடம் எங்களுக்கு ‘ஸ்டோர்’. நீ எழுதும் கட்டடம் எந்த வகை என்று முதலில் பார். நான்கு பக்கமும் அடைத்துப் பூட்டியிருந்ததா, ஒரு பக்கம் திறந்து கிடந்ததா என்பது தீ பரவிய விதத்தையே மாற்றிவிடும் அல்லவா?

தமிழில் இந்தச் சொல்லின் வேர் ‘கிட’. படுத்திருப்பதும் ஓரிடத்தில் அசையாமல் இருப்பதும் கிடத்தல். ஆடுகளை இரவில் மடக்கி வைப்பது கிடை. படுக்கைக்குக் கிடக்கை என்று ஒரு பெயர் உண்டு. சங்க காலத்தில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி. நீர் கிடக்கும் பள்ளம். திண்டிவனத்தில் இன்றைக்கும் கிடங்கில் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஓய்மான் நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர் அது. கிடங்கில் என்னும் அடைமொழியோடு சங்கப் புலவர்கள் மூவர் இருந்திருக்கிறார்கள். நம் பூர்வீகக் கிராமம் திண்டிவனத்திலிருந்து பேருந்தில் போகும் தூரம்தான் என்பதை உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். 1998-இல் நான் அங்கே போனபோது இதெல்லாம் தெரியாமல் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போனேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நீரும் பள்ளமுமாக இருந்த சொல் பின்னர்ச் சரக்கும் அறையுமாக மாறியது. இந்த மலாயா மண்ணிலேயே அதன் இன்னொரு வடிவமும் வாழ்ந்தது. செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய நீளமான கடைவீட்டுக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் அவை இருந்தன. என் சிறுவயதில் தாத்தா என்னை ஒருமுறை லெபோ அம்பாங்குக்கு அழைத்துப் போனார், பாட்டியின் சங்கிலியை மீட்க. நுழைந்ததும் ஒரு நீண்ட கூடம். இரண்டு பக்கமும் தரையில் சாய்வான சிறிய மேசைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்த ஒரு செட்டியார். ஒரே கூடத்தில் எத்தனையோ தனித்தனி வியாபாரங்கள். பகலில் எந்த இடத்தில் கணக்கு எழுதினார்களோ அதே இடத்தில் இரவில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள் என்று தாத்தா சொன்னார். கிடங்கு, கிட்டங்கி, குடாங், கோடவுன், குடோன் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் கடைசிப் பிள்ளை வெளிநாட்டுக்குப் போய்ப் பெயர் மாறி, தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து, ‘ரேஷன் குடோன்’ என்று நம்மவர்களாலேயே ஆங்கிலச் சொல்லாக நினைக்கப்படுகிறது.

என் குடோனை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் அப்போது உனக்கு ஆறு வயது. உள்ளே வர மறுத்து, வாசற்படியில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த வாசனை புதியவர்களுக்குப் பிடிக்காது. கித்தா, அதாவது ரப்பர் மர விறகின் புகையும் ரப்பரின் புளிப்பும் கலந்த வாசனை அது. புகைவீட்டில் நான்கைந்து நாள் புகையில் தொங்கித் தேன் நிறமாக மாறிய ஷீட்டுகள் அங்கே வரும். கண்ணாடி பதித்த மேசைக்கு அடியில் விளக்கு எரியும்; பெண்கள் ஒவ்வொரு ஷீட்டையும் அதன் மேல் விரித்து, குமிழியோ தூசியோ தெரிந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்து, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். உன் பாட்டி அந்த மேசையில் 12 ஆண்டுகள் நின்றார். பிறகு அவற்றை அடுக்கி, அழுத்தி, ரப்பர் ஷீட்டாலேயே சுற்றிப் பேல் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வெள்ளைச் சுண்ணத்தூள் கரைசலைப் பூசி, தகட்டு அச்சு வைத்து மையால் தோட்டத்தின் குறியையும் தரத்தையும் போடுவோம்.

அதன் பிறகு அவை கிடக்கும். அந்தக் கிடத்தலைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே பேல்கள் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் இருக்க வேண்டும், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்க வேண்டும். நேர்வெயில் பட்டால் பிசுபிசுக்கும். ஆகவே சன்னல்கள் கூரைக்கு அருகில் சிறியனவாக இருக்கும். செம்பு பட்டால் ரப்பர் கெட்டுப்போகும். ஒரு செம்புக் கம்பித் துண்டைக்கூட உள்ளே விடமாட்டேன். மழைக்கால இரவுகளில் நானும் காவலாளியும் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சுற்றி வருவோம். லாரி வந்து ஏற்றிக்கொண்டு, கோலாப்பிலா தாண்டி, புக்கிட் பூத்துஸ் வளைவுகளில் ஏறி இறங்கி, கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும் வரை அந்தச் சரக்கு என் பொறுப்பு. துறைமுகத்தில் அவை இன்னொரு குடோனில் கிடக்கும், கப்பல் வரும்வரை. ‘வேர்ஹவுஸ்’ என்னும் சொல் அது சரக்கின் வீடு என்று சொல்கிறது. நல்ல சொல்தான். நம் சொல்லோ அந்தச் சரக்கு அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது கிடக்கிறது, விலைக்காகவும் வண்டிக்காகவும் கப்பலுக்காகவும் காத்துக் கிடக்கிறது. 31 ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றவில்லை.

சரி, உன் அறிக்கைக்கு வருகிறேன். மேலதிகாரியோடு வாதாடச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவருக்குப் புரியாத சொல்லை எட்டு முறை எழுதியதில் உன் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. படிப்பவர் லிவர்பூலில் இருக்கிறார் என்பதை நினைத்து, முதல் இடத்திலேயே ‘குடோன், அதாவது சரக்கைப் பூட்டி வைக்கும் கட்டடம்’ என்று ஒரு சிறு விளக்கம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை முழுவதுமாக அழித்துவிடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. சென்னை உரிமையாளர் வைத்திருக்கும் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார். அதில் கட்டடம் குடோன் என்று குறிக்கப்பட்டிருந்தால், உன் அறிக்கையும் அதே பெயரால் அதைக் குறிப்பதுதான் பாதுகாப்பு. பத்திரத்தில் ஒரு பெயரும் அறிக்கையில் வேறு பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே கட்டடம்தானா என்று நாளைக்கு ஒரு வழக்கறிஞர் கேட்பார். ஓர் இடைவெளி போதும் என்பதை நான் 21 வயதில் கண்டவன்.

பத்திரத்தையோ வாக்குமூலத்தையோ மேற்கோள் காட்டும் இடங்களில் குடோன் என்பதை மாற்றாதே. நீயாகப் பொதுவில் பேசும் இடங்களில் வேர்ஹவுஸ் என்று எழுதினால் குற்றமில்லை. சுங்க வரி கட்டாத சரக்கை வைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாண்டட் வேர்ஹவுஸ்’ என்று ஒரு நிலைத்த பெயர் இருக்கிறது. அங்கே மட்டும் குடோனை நுழைக்காதே. இங்கிலாந்தில் உள்ள கட்டடத்துக்கும் அதைச் சூட்டாதே. அந்த ஊரார் தங்கள் கட்டடத்துக்கு வைத்த பெயரை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அவர்கள் நம்முடையதை மாற்றும்போது நாம் விளக்கம் சொல்வதும் அதே நியாயத்தால்தான்.

இன்னும் அவருக்கு ஐயம் இருந்தால் ஹாங்காங்கைச் சொல். அங்கே ‘ஹாங்காங் அண்ட் கவுலூன் வார்ஃப் அண்ட் கோடவுன் கம்பெனி’ என்று ஒரு நிறுவனம் 1886-இல் தொடங்கப்பட்டது, அந்த அகராதி வெளிவந்த அதே ஆண்டில். ஆங்கிலேயர் ஆட்சியில், ஆங்கிலத்தில் பதிவு செய்யப்பட்ட பெயரில், அந்தச் சொல் நூறு ஆண்டுகள் நின்றது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற குடோன்கள் இன்றைக்கு உணவகங்களாக மாறியிருந்தாலும், அந்தக் கட்டடங்களைப் பற்றி யார் எழுதினாலும் கோடவுன் என்றுதான் எழுதுகிறார்கள்.

நம் தோட்டத்துக் குடோன் இன்னும் இருக்கிறது. கித்தா மரங்களை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள், பிறகு பாதி நிலத்தில் வீடுகள் எழும்பின. ஆனால் அந்தச் சுவரை இடிக்கவில்லை. இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். முன்பக்கம் கதவுக்கு மேலே கறுப்பு எழுத்தில் எழுதியது வெளுத்துவிட்டது. கடைசி இரண்டு எழுத்துகள் தெரியவில்லை. சென்ற வாரம் மழைக்கு ஒதுங்கி அதன் வாசற்படியில் நின்றேன், நீ அன்று அழுதுகொண்டு நின்ற அதே படியில். கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். உரத்தின் நெடிக்கு அடியில் அந்தப் பழைய புகை வாசனை இன்னும் இருந்தது.

அம்மா வந்துவிட்டார். மோர்மிளகாய் காய்ந்ததும் உனக்குப் பொட்டலம் கட்டப் போகிறாராம். அதோடு, பெரிய கிராணி சிவப்பு வளையம் போட்ட அந்தத் தந்தி நகலையும் வைத்து அனுப்புகிறேன்; இத்தனை ஆண்டுகள் என் பெட்டியில் இருந்தது, இனி உன்னிடம் இருக்கட்டும். நீ அந்த அறிக்கையின் முதல் வாக்கியத்தைத் திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்பு. படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா